இரண்டு வீட்டுக்கு ஒரு பெயர்

"பேரை மாத்து."

பரமநாதன் கதிரையில் சாய்ந்தபடியே சொன்னார். குரலை உயர்த்தவில்லை. குரலை உயர்த்தாமலே காரியம் நடந்து பழகிய மனிதர். பின்வளவு மாமரத்தடியில் நின்ற சிவராசா தோளில் கிடந்த துவாயை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டான். அவன் மனைவி மேகலா பத்து மாதப் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு அவனுக்குப் பின்னால் நின்றாள்.

"ஆற்ற பேரை ஐயா?" என்று கேட்டான் சிவராசா.

"உன்ர பெட்டையின்ர பேரைத்தான். துவாநிலாவாம்! ஆர்ரா உனக்கு உந்தப் பேரைத் தந்தது?"

சிவராசா அந்த ஊரின் கட்டாடி. ஊராரின் உடுப்பை வெளுப்பதும், நன்மை தீமைக்கு வெள்ளைத் துணி கட்டுவதும் அவன் குடும்பத்துக்கு விதிக்கப்பட்ட தொழில். பிள்ளைக்கு நல்ல பேர் வைப்பது அந்தத் தொழிலில் சேர்ந்ததல்ல என்று அவனுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

நம்முடைய சனத்துக்குப் பேர் விஷயத்தில் இருக்கிற பைத்தியத்தை இங்கே சொல்லித்தான் ஆக வேண்டும். வேலங்கட்டு, திருக்கேதீஸ்வரத்திலிருந்து உள்ளே போகிற ஒரு வயல் கிராமம். சண்டை முடிந்து சனங்கள் திரும்பி வந்து மூன்று வருடமாகிறது. வீடுகளுக்குக் கூரை வருவதற்கு முன்னமே தொட்டிலில் பிள்ளைகள் வந்துவிட்டன. ஒவ்வொரு பிள்ளைக்கும் சாத்திரியார் நட்சத்திரம் பார்த்து ஓர் எழுத்துக் கொடுப்பார். பேர் அந்த எழுத்தில் தொடங்க வேண்டும். உலகத்தில் வேறு ஒரு பிள்ளைக்கும் இருக்கக் கூடாது. அர்த்தம் இருக்க வேண்டுமென்ற கட்டாயம் மட்டும் இல்லை. யதுர்சிகா என்றால் என்னவென்று யதுர்சிகாவைப் பெற்றவளுக்கே தெரியாது. அப்படியொரு பேரை மூளையைக் கசக்கிக் கண்டுபிடித்து வைத்துவிட்டு, வீட்டில் "பபா" என்று கூப்பிடுவார்கள்.

பரமநாதன் வீட்டில் இப்போது மூன்று கிழமைக் குழந்தை ஒன்று இருக்கிறது. மகன் தனஞ்சயனுக்கும் மருமகள் டிலக்சனாவுக்கும் பிறந்த முதல் பெண். நட்சத்திரம் உத்திரட்டாதி, எழுத்து 'து'. வீடே 'து'வைப் பிடித்துக்கொண்டு அலைந்தது. கடைசியில் தனஞ்சயனுக்குத்தான் நினைவு வந்தது. கலியாணமான புதிதில் டிலக்சனா ஒரு நாள், பெண் பிள்ளை பிறந்தால் வைக்கலாம் என்று ஒரு பேர் சொல்லியிருந்தாள். துவாநிலா. அவன் அதைக் கனடாவிலுள்ள தமக்கைக்குப் போனில் சொன்னான். "ஐயோ வடிவான பேரடா! ஒருத்தரும் இன்னும் வைக்கேல்ல!" என்று அவள் அங்கேயிருந்து துள்ளினாள். பேரைப் பொறித்து ஒரு பவுண் பதக்கமும் அனுப்பிவிட்டாள்.

ஒருத்தரும் வைக்கவில்லை என்ற நம்பிக்கையை உடைத்தவர் குழந்தையை நிறுக்க வந்த குடும்பநல மாது. "அட, இஞ்சயும் துவாநிலாவோ? பின் ஒழுங்கையில மேகலாவின்ர பிள்ளைக்கும் இதே பேர்தானே," என்று அவர் சிரித்துக்கொண்டு சொன்னார். கேட்டவர்கள் சிரிக்கவில்லை.

பத்து மாதமாக அந்தப் பிள்ளை தாயின் இடுப்பில் இருந்தபடி இதே பின்வளவுக்கு வந்து போகிறது. அதன் பேர் என்னவென்று அந்த வீட்டில் யாரும் ஒரு நாளும் கேட்டதில்லை. "கட்டாடியின்ர குஞ்சு" என்பார்கள். அதற்கு மேல் தேவைப்படவில்லை.

"உன்ர கொப்பனுக்குப் பேர் வைச்சது ஆர் தெரியுமோ?" என்றார் பரமநாதன். "என்னைப் பெத்த ஐயா. சின்னவன் எண்டு வைச்சவர். அவன்ர தமையனுக்குப் பெரியவன். அதுகள் அந்தப் பேரோட நல்லாத்தானே சீவிச்சதுகள்? நான் உன்ர பெட்டைக்கு வள்ளி எண்டு வைக்கிறன். முருகன்ர பெண்சாதியின்ர பேர். பிறகென்ன குறை?"

"சொல்லவும் சுகமான பேர்," என்றாள் குசினி வாசலில் நின்ற அவர் மனைவி பரமேஸ்வரி.

"பிறப்புப் பதிஞ்சாச்சு ஐயா," என்றாள் மேகலா.

பரமநாதன் அவளைப் பார்க்கவில்லை. சிவராசாவைத்தான் பார்த்தார். "பதிஞ்சதை மாத்தலாம். பதிவுக் கந்தோரில எனக்குத் தெரிஞ்ச ஆக்கள் இருக்கினம். அதுசரி, வீட்டுத்திட்டக்காரர் வரப்போயினமாம் என்ன? நீங்கள் குடியிருக்கிற காணி ஆற்ற எண்டு கிராம விதானையார் என்னட்டைக் கேட்டால், நான் என்னத்தைச் சொல்லுறது?"

அவ்வளவுதான். சிவராசாவின் தகரக் கொட்டில் நிற்பது பரமநாதனுடைய காணியில். அவன் தகப்பனும் பாட்டனும் இருந்த அதே துண்டு. வேலி அவர்கள் அடைத்தது, கிணறு அவர்கள் வெட்டியது. காணி மட்டும் பெரிய வீட்டுக்குச் சொந்தம். காணிக்காரர் வாயால் "இருக்கட்டும்" என்று ஒரு சொல் வராவிட்டால் கல்வீடு இல்லை. எட்டு இடம் மாறி, செட்டிகுளம் முகாமில் கூடாரத்தில் கிடந்து வந்தவர்களுக்கு அந்த ஒரு சொல் எவ்வளவு பெரியதென்று பரமநாதனுக்கு நன்றாகத் தெரியும்.

"மாத்துறம் ஐயா," என்றான் சிவராசா.

"நல்லது. துடக்குக் கழிக்கிற முப்பத்தொண்டுக்கு வெள்ளையைக் கொண்டு வந்திடு. ஆக்கள் கனபேர் வருவினம்."

மேகலாவுக்கு அன்றைக்கு இன்னொரு வேலையும் இருந்தது. பிள்ளை பிறந்த வீட்டின் துடக்கு என்கிற தீட்டுப்பட்ட உடுப்புகளை எடுத்துப்போய் வெளுக்க வேண்டும். வீட்டின் பின்பக்கத்து அறை யன்னலின் கீழே அவை குவித்து வைக்கப்பட்டிருக்கும். யன்னலுக்கு உள்ளே, குழந்தையோடு டிலக்சனா.

இந்த இரண்டு பெண்களும் ஒருவரையொருவர் "வாடி போடி" என்று கூப்பிட்ட காலம் ஒன்று உண்டு. முகாமில் இருவர் குடும்பத்துக்கும் கூடாரங்கள் பக்கத்துப் பக்கத்தில். நடுவில் ஒரு சாண் இடம். முகாமிலும் சனங்கள் சாதி கேட்காமல் இல்லை, கேட்டார்கள். ஆனால் தண்ணீர்ப் பவுசர் வந்ததும் எல்லா வாளியும் ஒரே வரிசையில்தான் நின்றது. டிலக்சனாவுக்கு அம்மாள் வருத்தம் வந்து உடம்பெல்லாம் கொப்புளமாகக் கிடந்தபோது சொந்தக்காரர் ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை. பக்கத்தில் இருந்து பார்த்தவள் மேகலா. எழும்பியபின் இருவரும் ஒரே கோப்பையில் கஞ்சி குடித்தார்கள்.

இருவருக்கும் சாவும் பக்கத்துப் பக்கத்தில்தான் நடந்திருந்தது. டிலக்சனாவின் தங்கை நிலாந்தினி சண்டையின் கடைசி மாதத்தில் செல் குண்டு விழுந்து செத்தாள். மேகலாவின் தம்பி துவாரகன் தண்ணீர் எடுக்கப் போனவன், திரும்பி வரவேயில்லை. இரண்டு பேருக்கும் ஒரு படம்கூட மிஞ்சவில்லை. ஒரு நாள் கூடார வாசலில் இருந்து இருவரும் அந்த இரண்டு பேரையும் ஒன்றாக்கிப் பார்த்தார்கள். துவாநிலா. "ஆருக்கு முதல்ல பெட்டை பிறக்குதோ அவளுக்கு," என்று டிலக்சனாதான் சொன்னாள். அன்றைக்கு இருவரும் அழுதார்கள், பிறகு சிரித்தார்கள்.

டிலக்சனா வாழ்க்கைப்பட்டு வேலங்கட்டுக்கு வந்தது தற்செயல். பரமநாதன் குடும்பம் சண்டைக்கு முன்னமே வவுனியாவுக்குப் போய்விட்ட குடும்பம். முகாம் பார்த்ததில்லை. பெண் கேட்டு வந்தபோது பரமேஸ்வரி கேட்ட முதல் கேள்வி சீதனம்கூட அல்ல. "முகாமில பிள்ளை ஆற்ற பக்கத்தில இருந்தது?" என்றாள். "எங்கட சொந்தக்காரரோடதான்," என்று டிலக்சனாவின் தாய் வாய்கூசாமல் சொன்னாள். அந்தப் பொய்யின்மேல்தான் கலியாணம் நடந்தது. பந்தலுக்கு வெள்ளை கட்ட வந்த மேகலாவைப் புதுப்பெண் பார்த்தாள். பார்த்துவிட்டுக் குனிந்துகொண்டாள். அன்றிலிருந்து மேகலா அவளை எந்த முறை சொல்லியும் கூப்பிடுவதில்லை. என்ன சொல்லிக் கூப்பிடுவது?

"கேட்டியோ அங்க நடந்ததை?" என்றாள் மேகலா, உடுப்புகளைக் கடகத்தில் போட்டுக்கொண்டே.

"கேட்டனான்." டிலக்சனாவின் குரல் யன்னலுக்கு உள்ளேயே நின்றது. "நான் இவரிட்ட சொன்னனான் மேகலா, வேற பேர் பாப்பம் எண்டு. பதக்கம் வந்திட்டுது எண்டிறார்."

"என்ர பிள்ளைக்கு வைச்சதைச் சொன்னியோ?"

"அது... பிள்ளையை நிறுக்க வந்த மிஸ்ஸி சொன்ன பிறகுதான் ஓம் எண்டனான்."

"அந்தப் பேரில பாதி ஆற்ற பேரெண்டு சொன்னியோ?"

உள்ளே குழந்தை சிணுங்கியது.

"நீ சொல்லமாட்டாய்," என்றாள் மேகலா. "சொன்னால், ஆரோட இருந்தனி, ஆற்ற கோப்பையில திண்டனி எண்டு எல்லாம் வரும்."

"என்னைக் கொண்டுபோய் அம்மாட்ட விட்டிடுவினம் மேகலா. பிள்ளையை வைச்சுக்கொண்டு விடுவினம்."

மேகலாவுக்குக் கோபம் வந்தது. அதோடு இரக்கமும் வந்து தொலைத்தது. தனக்காவது திட்டித் தீர்க்க ஒரு கொட்டில் இருக்கிறது, இவளுக்கு அதுவும் இல்லை என்று நினைத்தாள். கடகத்தைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு நடந்தாள்.

பின்னேரம் கொட்டில் வாசலில் சிவராசா மகளை மடியில் இருத்தி, "வள்ளி... வள்ளிக்குட்டி... இஞ்ச பார்," என்று பழக்கிக்கொண்டிருந்தான். பிள்ளை அவன் சட்டைத் தெறியைக் கடித்தது.

"வெக்கமாயில்லையோ உங்களுக்கு?" என்றாள் மேகலா.

"வெக்கத்தில கல்வீடு கட்டேலுமோ? மழைக்கு இந்தத் தகரம் ஒழுகேக்க உன்ர பேர் வந்து பிடிக்குமோ?"

"தம்பி செத்த இடம் தெரியாது. ஒரு எலும்பும் கிடைக்கேல்ல. காரியம் செய்யேல்ல, ஏனெண்டால் வருவான் எண்டு அம்மா சாகுமட்டும் இருந்தவ. அவன்ர பேர் எண்டு இந்தப் பிள்ளையிலதான் கிடக்கு. அதையும் குடுக்கட்டோ?"

சிவராசா கெட்டவன் இல்லை. பயந்தவன். பயம் அவனுக்குத் தகப்பன்வழி வந்தது, காணி வராவிட்டாலும். "வீட்டுக்க நீ விரும்பினபடி கூப்பிடு. வெளியில வள்ளி. ஐயாவுக்கு முன்னால வாய் தவறிடாதை," என்றான்.

மேகலா சம்மதித்தாள் என்று சொல்ல முடியாது. எதிர்த்துப் பேசவில்லை, அவ்வளவுதான். அடுத்த கிழமையே பரமநாதனின் ஆள் ஒருவர் வந்து சிவராசாவைக் கந்தோருக்கு அழைத்துப்போகும் நாளையும் குறித்துவிட்டார். துடக்குக் கழிவு முடிந்த மறுநாள்.

முப்பத்தோராம் நாள் பெரிய வீடு சனத்தால் நிறைந்தது. கார்கள் வயல் வரம்பு வரை நின்றன. துடக்குக் கழிவில் ஒரு வேடிக்கை உண்டு. வீட்டைக் கழுவி, மஞ்சள் தண்ணீர் தெளித்து, ஐயரும் வந்துவிட்டால்கூட வீடு சுத்தமாகிவிடாது. கட்டாடி தோய்த்த வெள்ளையை அவன் கையால் கூரைக்குக் கட்டி, அவன் பெண்சாதி கையால் நிலத்தில் விரித்த பிறகுதான் துடக்குக் கழியும். விரித்த துணி உள்ளே இருக்கும். விரித்த கை பின் விறாந்தைக்குப் போய்விட வேண்டும். இந்தக் கணக்கைப் பெரிய படிப்புப் படித்தவர்களும் இதுவரை ஏனென்று கேட்டதில்லை.

சிவராசா மர வாங்கில் ஏறி வெள்ளை கட்டினான், முடிச்சுத் தளராமல் பார்க்க அங்கேயே நின்றான். மேகலா பின் விறாந்தைக் கதவிலிருந்து நடு ஹோல் வரை நீளமாக வெள்ளை விரித்தாள். விரித்துவிட்டு விறாந்தையில் வந்து குந்தினாள். விட்டுவர ஆளில்லாததால் பிள்ளையும் அவளோடு வந்திருந்தது. டிலக்சனா தலை முழுகி, பட்டுச் சேலையில், குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு வெள்ளையின் மறு நுனியில் இருந்தாள். குழந்தையின் கழுத்தில் பதக்கம் மின்னியது.

பரமநாதன் குனிந்து பேத்தியின் காதில் மூன்று தரம் பேரைச் சொன்னார். பிறகு நிமிர்ந்து, சபை கேட்கும்படி, "துவாநிலா!" என்றார்.

"துவாநிலா! துவாநிலா!" என்று சுற்றியிருந்த பெண்களும் ஆசையோடு கூப்பிட்டார்கள். கனடாப் போனில் இருந்தும் ஒரு குரல் கூப்பிட்டது.

குழந்தை நல்ல நித்திரை.

விறாந்தையில் தாயின் சேலைத் தலைப்போடு விளையாடிக்கொண்டிருந்த பிள்ளை தலையைத் தூக்கியது. இத்தனை பேர் சேர்ந்து அதை ஒருநாளும் கூப்பிட்டதில்லை. அதற்குச் சந்தோஷம் தாங்கவில்லை. மேகலா கையை நீட்டுவதற்குள் நழுவி, வாசற்படியைத் தாண்டி, விரித்த வெள்ளையின் மேல் கடகடவென்று தவழ்ந்து, சிரித்தபடி நடு ஹோலுக்கு வந்துவிட்டது.

"எட, இது ஆற்ற பிள்ளை? கூப்பிட்ட உடன வருது!" என்று ஊருக்குப் புதிதான ஒரு கிழவர் சிரித்தார். தெரிந்தவர்கள் அவர் கையைப் பிடித்து அமர்த்தினார்கள்.

"உதைத் தூக்கடி!" என்று கத்தினாள் பரமேஸ்வரி.

பரமநாதன் கையைக் காட்டி மனைவியை நிறுத்தினார். சபைக்கு முன்னால் இதை அவர் வேறு விதமாக முடிக்க விரும்பினார். விறாந்தையைப் பார்த்து, "நீ அங்கயே நில். உள்ள வராதை. பேரைச் சொல்லிக் கூப்பிடு, வரும்," என்றார். "வள்ளி எண்டு கூப்பிடு."

மேகலா வாசற்படியில் நின்றாள். வாங்கின்மேல் நின்ற சிவராசா அவளைக் கும்பிடாத குறையாகப் பார்த்தான்.

"வள்ளி," என்றாள் மேகலா. தன் குரல் தனக்கே பிடிக்கவில்லை.

பிள்ளை திரும்பவில்லை. குழந்தையின் பதக்கத்தைப் பிடிக்கக் கையை நீட்டியது.

"இன்னொருக்கால் கூப்பிடு," என்றார் பரமநாதன்.

"வேண்டாம்."

சொன்னது மேகலா அல்ல. டிலக்சனா. சொல்லத் தொடங்கியவள் நிறுத்தவில்லை.

"அந்தப் பிள்ளையைக் கரைச்சல் படுத்தாதேங்கோ மாமா. பேர் அதின்ரதான். நாங்கள் முகாமில கூடாரத்து வாசல்ல இருந்து உண்டாக்கின பேர். பாதி என்ர தங்கச்சி நிலாந்தினி. மற்றப் பாதி மேகலாவின்ர தம்பி துவாரகன்."

பெண்கள் ஒருவரையொருவர் திரும்பிப் பார்த்தார்கள்.

"கொம்மா சொந்தக்காரரோட இருந்தனீங்கள் எண்டல்லோ..." என்றாள் பரமேஸ்வரி.

"அம்மா பொய் சொன்னவ மாமி. எனக்கு அம்மாள் வந்து கிடக்கேக்க ஊத்தை உடுப்பு மாத்தி, கஞ்சி தந்தது மேகலா. ஒரு கோப்பையிலதான் குடிச்சனாங்கள்."

தனஞ்சயன் நிலத்தைப் பார்த்தான். படித்தவன், கந்தோரில் நாலு பேருக்குப் புத்தி சொல்பவன், மனைவிக்காக ஒரு வார்த்தை அவன் வாயில் வரவில்லை. பரமேஸ்வரி பாய்ந்து வந்து குழந்தையின் கழுத்திலிருந்து பதக்கத்தை இழுத்துக் கழற்றினாள். கனடாவில் செய்த பவுண் பதக்கம், ஒரு கட்டாடிப் பெடியனின் பேர் அதில் இருக்கிறதென்று தெரிந்ததும் ஒரு நொடியில் தீட்டாகிவிட்டது. குழந்தை விழித்து வீரிட்டது. டிலக்சனா அதை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். யாராவது பறித்துவிடுவார்களோ என்ற பயம் அவள் கண்ணில் நன்றாகத் தெரிந்தது.

பரமநாதனுக்கு முகம் கறுத்துவிட்டது. ஆனால் சபை காத்திருந்தது, சமையல் முடிந்திருந்தது, வந்தவர்கள் சாப்பிட வேண்டும். அவர் ஐயரைப் பார்த்தார்.

"வேற பேர் வைக்கலாம், அது பிறகு," என்றார் ஐயர். "ஆனால் வெள்ளையில அந்தப் பிள்ளை தவழ்ந்திட்டுது. இது இனிச் சரிவராது. வேற வெள்ளை விரிச்சால்தான் துடக்குக் கழியும்."

இது தீர்க்கக்கூடிய சிக்கல். பரமநாதனுக்கு மூச்சு வந்தது. "கேட்டதுதானே? ஓடிப்போய் வேற வெள்ளை எடுத்துக்கொண்டு வா," என்றார் மேகலாவைப் பார்த்து.

கொட்டிலில் தோய்த்து மடித்த வெள்ளை இன்னொன்று கிடப்பது மேகலாவுக்குத் தெரியும். சிவராசாவுக்கும் தெரியும். விறாந்தையில் நிற்கச் சொல்லப்பட்ட மேகலா வாசற்படியைத் தாண்டி, தான் விரித்த வெள்ளையின் மேலேயே நடந்து நடு ஹோலுக்கு வந்தாள். ஒருவரும் தடுக்கவில்லை. எல்லோரும் தங்கள் உடுப்பை ஒதுக்கிப் பிடித்து அவளுக்கு வழிவிட்டார்கள். அவள் குனிந்து டிலக்சனாவின் கண்ணீரைச் சேலைத் தலைப்பால் துடைத்தாள். பிறகு மகளைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

"வேற வெள்ளை இல்லை ஐயா," என்றாள். "இருந்ததில துவாநிலா தவழ்ந்திட்டாள்."

பரமநாதன் சிவராசாவைப் பார்த்தார். "காணி..." என்று தொடங்கினார்.

சிவராசா நின்ற வாங்கு கிறீச்சிட்டது. அவன் மனைவியைப் பார்த்தான், மகளைப் பார்த்தான். பிறகு கையை உயர்த்தி, தான் கட்டிய வெள்ளையின் முடிச்சுகளை ஒவ்வொன்றாக அவிழ்க்கத் தொடங்கினான்.

வேலங்கட்டில் வேறு கட்டாடி கிடையாது.